இறுக்காத இரண்டு நட்டுகள்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். கடை முதலாளி, அதாவது என் அக்கா புருஷன். மலைச் சைக்கிளைத் திருத்தக் கொண்டுவந்த இளைஞன். வட்டிக்குப் பணம் கொடுக்கிறவர். அவரை ஏற்றிவந்த ஆட்டோக்காரர். இந்த ஆட்டோக்காரர், தான் உள்ளே காலே வைக்காமல் வாசலில்தான் நின்றதாகப் பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். காற்றடிக்கிற பம்பை எடுத்து நீட்டிய கை அவருடையது. அதனால் அவரையும் சேர்த்தே எண்ணுகிறேன்.

பதுளை டவுனிலிருந்து ஏறி வருகிற ரோட்டில், மேட்டு முனையில் எங்கள் கடை. வாசலை விட்டு இறங்கினால் ரோடு நேரே சரிந்து போய் ஒரு வளைவில் முறியும். வளைவுக்கு அந்தப் பக்கம் மதகு, மதகுக்குக் கீழே பாறை. பஸ் வேகமாக ஏறி வருகிற இடமும் அதுதான். அங்கே பெரிதாக ஒரு ஹாரன் கேட்டால் போதும், நான் திருத்திக் கொடுத்த சைக்கிளாக இருக்குமோ என்று கை அப்படியே நின்றுவிடும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படிக்காததால் பயமா, பயந்துதான் படிக்காமல் விட்டாயா என்று அக்கா இன்றைக்கும் கேட்பாள்.

அந்த இளைஞன் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. வெள்ளைக்காரர்களைத் தேயிலை மலைகளுக்குள் சைக்கிளில் கூட்டிப் போவது அவன் தொழில். சைக்கிளைக் கடன் பட்டு வாங்கியிருந்தான், வெளிநாட்டில் ஓடிப் பழசானது. அதன் பிரேக் குழாய் இரண்டும் தேவைக்கு மேல் நீளம்; ஹேண்டிலுக்கு முன்னால் வளையமாகத் தொங்கும். கவ்வாத்து வெட்டிய மலையில் இறங்கும்போது, வெட்டுப்பட்ட தேயிலைக் குச்சி ஒன்று அந்த வளையத்துக்குள் நுழைந்து ஹேண்டிலைப் பிடுங்கி அவனைத் தூக்கி எறிந்திருக்கிறது. முழங்கையில் தோல் இல்லாமல் வந்து நின்றான்.

“குழாயை வெட்டிக் கட்டையாக்கித் தாங்கண்ணே. நாளைக்கு ரெண்டு வெள்ளைக்காரங்க வாறாங்க. இது ஓடலைன்னா எனக்குச் சோறு இல்லை.”

அந்தக் குழாய்க்குள் கம்பி கிடையாது, எண்ணெய்தான். லீவரை அமுக்கினால் எண்ணெய் தள்ளிக்கொண்டு போய், சக்கரத்தோடு சுற்றுகிற தட்டை இரண்டு பக்கமும் கவ்வ வைக்கும். கட்டையாக்குவதற்கு லீவர் பக்கத்து நட்டைக் கழற்றிக் குழாயை உருவ வேண்டும். புது பிளேடால் கோணாமல் வெட்டி, நட்டையும் ஒரு சின்னப் பித்தளை வளையத்தையும் கோத்து, குழாயின் வாய்க்குள் ஊசி மாதிரி ஒரு குழலைத் தட்டி இறக்கி, திரும்ப லீவருக்குள் முட்டுகிற வரை தள்ளி நட்டை இறுக்க வேண்டும். நட்டுச் சாவி போட்டு இறுக்கும்போதுதான் வளையம் நசுங்கிக் குழாயைப் பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை நசுங்கினால் நசுங்கியதுதான், அதை வேறெதற்கும் எடுக்க முடியாது. என்னிடம் இருந்ததே இரண்டு வளையம்.

அதனால் எனக்கு ஒரு பழக்கம். இரண்டு குழாயையும் வெட்டிப் போட்டு, நட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு, ஹேண்டிலை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்ப்பேன். கூட வெட்டியிருந்தால் குழாய் இழுபடும். இழுபடவில்லை. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை திருப்பினேன். பிறகும் திருப்பினேன்.

“லீவரைத் தொட்டுராத தம்பி, இன்னும் இறுக்கலை. மெதுவா அமுக்கினா பிடிக்கிற மாதிரி இருக்கும். பலமா அமுக்கினா குழாய் பிடுங்கிட்டு வந்துரும்.”

“நீங்க தாலி கட்டினாலும் மூணாவது முடிச்சைப் போடாம ஒரு வாரம் யோசிப்பீங்கண்ணே” என்றான் அவன். முதலாளி சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே சாவியைத் தேடினேன்.

ஆட்டோ வந்து நின்றது அப்போதுதான். வட்டிக்காரர் உள்ளே வந்தார், ஒன்றும் கேட்கவில்லை, இளைஞனைக் காதோடு சேர்த்து அறைந்தார். அவன் சுவரில் மோதித் திரும்புவதற்குள் இன்னொன்று.

“மூணு மாசமா உங்க லயத்துக் கதவைத் தட்டறேன். நீ கொழும்புக்குப் போயிட்டேன்னு உங்கம்மா ஒப்பாரி வைக்குது. இங்க சைக்கிளுக்குச் சோடிச்சுப் பாக்கிறியா?”

“நாளைக்கு ஓட்டம் இருக்குங்க. காசு வந்ததும் கொண்டாந்து…”

“உன் நாளைக்கு எப்படா வரும்?”

மூன்றாவது அடிக்கு இளைஞன் தலையைக் குனிந்துகொண்டு அவர் வயிற்றில் முட்டினான். இரண்டு பேரும் டயர் அடுக்கின் மேல் விழுந்து புரண்டார்கள். அவன் அவருடைய கையைக் கடித்தான், விடவே இல்லை. அவர் போட்ட கூச்சலுக்குத்தான் ஆட்டோக்காரர் பம்பை நீட்டினார். இரும்புப் பம்பு. முதல் அடி தோளில், இரண்டாவது வாயில். முன்பல் ஒன்று தரையில் விழுந்து, ஒழுகிக் கிடந்த எண்ணெயில் வழுக்கிக்கொண்டு என் செருப்புப் பக்கம் வந்து நின்றது. அதற்குப் பிறகும் அவர் அடித்தார். விலாவில் விழுகிற சத்தம், நனைந்த சாக்கைத் தட்டுவது போல இருந்தது.

“ஐயா, கண்ணாடி! கண்ணாடிங்க!” என்று முதலாளி சாமான் அலுமாரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். “ரோட்டுல வச்சு அடிங்க!”

நான் சாவியும் கையுமாக மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், யாராவது விழுந்து லீவரை அமுக்கிவிடக் கூடாதே என்றுதான் அப்போதும் யோசனை.

மூச்சு வாங்கி முடிந்ததும் வட்டிக்காரர் சைக்கிளைத் தாங்கியிலிருந்து இறக்கினார்.

“ஆட்டோவுக்குள்ள ஏறாதுங்க” என்றார் ஆட்டோக்காரர்.

“எதுக்கு ஏத்தணும்? வருசப் பொறப்பு ரேஸ்ல தோட்டத்துக்கே முதல் வந்தவன் நான். ஓட்டிக்கிட்டு வாறேன். நீ பின்னால வா.” இரண்டு விரலால் லீவர்களைக் கிள்ளிப் பார்த்தார். “பஞ்சு மாதிரி இருக்குடா பிரேக்கு.”

கிள்ளினால் அப்படித்தான் இருக்கும். வளைவில் முழுக்கையால் பிடித்தால் முன்னாலும் இருக்காது, பின்னாலும் இருக்காது.

நான் வாயைத் திறந்தேன். கீழே கிடந்த இளைஞன் என் கால்சட்டையைப் பிடித்தான். அவன் வாயெல்லாம் இரத்தம்.

“சொல்லாதீங்க” என்றான். “போகட்டும்.”

அந்த ஆள் போகட்டுமே என்று எனக்கும் ஒரு கணம் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். அவர் சைக்கிளை வாசலுக்கு உருட்டிவிட்டார். ஒரு கால் மிதிகட்டையில். கத்தப் பார்த்தேன், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிளேடுக் கத்தி மேசையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடி, பின் டயரின் பக்கவாட்டில் என் முழுப் பலத்தோடும் குத்தினேன். பிளேடு உள்ளே முறிந்தது. வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். சைக்கிள் சரிந்து, அவர் ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் காலை விட்டு விழுந்தார்.

எழுந்தவர் என்னை என்ன செய்தார் என்பது எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. தலைமுடியைப் பிடித்துக் கடைப்படியில் இடித்தது ஞாபகம். புருவம் பிளந்து ஒரு கண் மூடிக்கொண்டது. பூட்ஸ் காலால் நெஞ்சில் மிதித்தார். “நட்டு! நட்டு!” என்றேன். யார் காதில் விழும்? கையை ஊன்றி ஊர்ந்து போய், கிடந்த சைக்கிளின் லீவரை இரண்டு கையாலும் நெரித்தேன். குழாய் பாம்பு மாதிரித் துள்ளி வெளியே வந்து அவர் முகத்தில் எண்ணெயைப் பீய்ச்சியது.

அவர் கண்ணைத் துடைத்தார். குழாயைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். வளைவில் பஸ் ஒன்று சீறிக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தது.

“இவனுக்கு இது தெரியுமா?” என்று இளைஞனைக் காட்டிக் கேட்டார்.

“தெரியாதுங்க.”

“அப்ப நீதான் என்னைக் கொல்லப் பாத்தியா?”

“டயரைக் குத்தினது யாருங்க?” என்றேன். எனக்கு எங்கிருந்து அந்த வாய் வந்ததோ. அதற்கும் ஒரு உதை கிடைத்தது.

வட்டிக்காரர் தண்ணீர்க் குழாயடியில் முதலாளியின் சவர்க்காரத்தால் முகத்தைக் கழுவினார். “ஓடாத சாமானைக் கொண்டுபோய் நான் என்ன பூசையா வைக்க? மாசக் கடைசிக்குள்ள காசு வரணும். வரலைன்னா சைக்கிளை இல்லை, உன்னைத் தூக்குவேன்” என்று இளைஞனிடம் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். போகும்போது வளைவில் ஆட்டோ மிகவும் மெதுவாகப் போனதைப் பார்த்தேன்.

இளைஞன் சுவரைப் பிடித்து எழுந்தான். என் பக்கம் வந்தான். கையைக் கொடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். நெஞ்சில் ஒரு குத்து விட்டான், மிதிபட்ட இடத்திலேயே.

“ஒரு நிமிசம் வாயையும் கையையும் வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா என் கடன் முடிஞ்சிருக்கும்.”

“கொலைக் கேஸ் யாரு மேல வரும்?”

“உங்க மேலதாண்ணே” என்றான். பல் போன இடம் வழியாகச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. கீழே உட்கார்ந்துவிட்டான். முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். சூடு பட்டதும் அவனால் குடிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னோம். சைக்கிள் முடியட்டும் என்றான். ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்து குழாயை மறுபடி நுழைத்து, இந்தத் தடவை திருப்பிப் பார்க்காமல் இரண்டு நட்டையும் சாவியால் இறுக்கி, எண்ணெய் நிரப்பிக் காற்றை வெளியேற்றினேன். அவன் இரண்டு லீவரையும் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை.

மிச்சம் இருந்தது பின் டயர். முதலாளி அலுமாரியைத் திறந்து புதிது ஒன்றை எடுத்தார். விலை எட்டாயிரத்து ஐந்நூறு.

“யார் கணக்குல எழுத?” என்றார்.

“குத்தினவரு கணக்குலதான்” என்றான் இளைஞன்.

“அதுதான் ஞாயம்” என்றார் என் அக்கா புருஷன். அன்றைக்கு அந்தக் கடையில் இரண்டு பேர் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான். இளைஞன் டயரைச் சைக்கிளில் பூட்டிக்கொண்டு போனான். என் வாரச் சம்பளத்தில் முதலாளி ஐந்நூறு ஐந்நூறாகப் பிடிக்கிறார். புருவம் ஆறித் தழும்பாகிவிட்டது. இன்னும் நான் கொடுக்க வேண்டியது ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.