வாழைக்கன்று வாங்கப் போன சைக்கிள்

ஸ்ரீரங்கத்தில் சைக்கிள் மிதிப்பவனுக்கு ஆடி மாதத்தில் ஒரே ஒரு புத்தி இருந்தால் போதும். போகும்போது மேற்கே, முக்கொம்புப் பக்கம் போக வேண்டும். எதிர்க்காற்றில் நாக்குத் தள்ளிவிடும்தான். ஆனால் திரும்பும்போது காற்றே முதுகில் கை வைத்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடும். கிழக்கே, கல்லணைப் பக்கம் போனால் எல்லாம் தலைகீழ். போகும்போது நாம்தான் மாவீரன் என்று தோன்றும். மிதித்தது நாம் இல்லை என்பது திரும்பும்போதுதான் தெரியும்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கிழக்கே போனேன். காற்றைப் பற்றிய கவலையெல்லாம் அன்றைக்கு இல்லை. கவலை மகளைப் பற்றியது.

அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். உடன் வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். பையனின் வீடு, கல்லணையைத் தாண்டித் திருக்காட்டுப்பள்ளி போகும் சாலையில் ஒரு கிராமம். வாழை விவசாயக் குடும்பம். ஆனி முடியும் சமயத்தில் பையனின் அப்பா போனில் பேசினார். "ஆடி பொறக்கப் போவுது. முடியட்டும்ங்க, சொல்றோம்" என்றார். ஆடியில் கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஆடி முடிந்து என்ன சொல்லப் போகிறார்கள்? சரி என்றும் சொல்லலாம், சரிப்படாது என்றும் சொல்லலாம். பையனைக் கேட்டால், வீட்டில் அவனிடமும் மூச்சு விடவில்லையாம். மகள் தினமும் போன் செய்து, "ஏதாவது சொன்னாங்களாப்பா?" என்று கேட்டாள். கேட்கக் கேட்க அவள் குரல் இளைத்துக்கொண்டே வந்தது.

"நான் வேணா ஒரு வார்த்தை போன் பண்ணிக் கேக்கட்டுமா?"

"அப்பா, தயவு செஞ்சு ஒண்ணும் பண்ணாம இருங்க. அதுவே பெரிய உதவி."

பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்து வருபவள். அனுபவத்தில் சொல்கிறாள். நானும் இருந்தேன், சில நாள்.

பெண் வீட்டார் பையன் வீட்டைப் பற்றி ஊரில் விசாரிப்பது ஒன்றும் புதிதில்லை. யாராவது சொந்தக்காரர் காதும் காதும் வைத்த மாதிரி போய்விட்டு வருவார். நானே போனால் என்ன என்று யோசித்தேன். காரில் போனால் ஊரே திரும்பிப் பார்க்கும். பஸ்ஸில் இறங்கினால் யார் வீட்டுக்கு என்று கேட்பார்கள். சைக்கிளில் போனால்? எவனோ வழிப்போக்கன். இந்த யோசனை வந்ததும் என்னை நானே மெச்சிக்கொண்டேன். மெச்சிய அவசரத்தில், சைக்கிள் ஓட்டும்போது நான் என்ன உடுத்துவேன் என்பது நினைவுக்கு வரவில்லை. கிளிப்பச்சை பனியன். காளான் மாதிரி ஹெல்மெட். தொடையைக் கவ்விப் பிடிக்கும் கறுப்பு அரை டவுசர், அதில் உட்காருமிடத்தில் மெத்தை வைத்துத் தைத்திருப்பார்கள். சீட்டில் இருக்கும்வரை கம்பீரம்தான். இறங்கி நடந்தால், அவசரத்துக்கு ஒதுங்க இடம் கிடைக்காமல் போனவன் மாதிரி இருக்கும்.

திருவானைக்காவல் தாண்டிக் கல்லணைச் சாலையைப் பிடித்ததும் காற்று என்னைத் தூக்கிக்கொண்டது. வலப்பக்கம் காவிரி, புதுத்தண்ணீர் வந்து செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது. இடப்பக்கம் கண்ணுக்கு எட்டியவரை வாழை. இலையெல்லாம் காற்றில் கிழிந்து, என்னோடு கிழக்கே பறந்துவிடப் பார்த்தது. பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ஊர்கள் வந்து வந்து பின்னால் போயின. இந்தச் சாலையை விடாமல் ஆற்றோடு போனால் பூம்புகாரில் கடலையே பார்த்துவிடலாம். எங்கள் சைக்கிள் குழுவின் இளவட்டங்கள் போய்விட்டு வந்து படம் போடுவார்கள். நான் கல்லணையில் மீன் வறுவல் வாசனையைப் பிடித்துவிட்டுத் திரும்பும் ரகம். அன்றைக்குத்தான் முதல்முறையாக அணையைத் தாண்டினேன்.

பையனின் ஊரில் ஒரு டீக்கடை, அதற்கு எதிரே ஒரு மாடிவீடு. மகள் படத்தில் காட்டிய வீடு. நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"ரேஸாண்ணே?" என்றார் கடைக்காரர்.

"ஆமாம்" என்றேன், வாயில் வந்ததை.

"மத்தவங்கல்லாம் முன்னாடியே போயிட்டாங்களா?"

இந்தப் பொய் வேலைக்கு ஆகாது என்று புரிந்தது. அடுத்ததை எடுத்தேன். "அப்படியே வாழைக்கன்னும் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் என் சைக்கிளைப் பார்த்தார். கேரியர் கிடையாது, கூடை கிடையாது, டயர் விரல் தடிமன். "கன்னை எதுல வச்சிக் கொண்டு போவீங்க?"

"இன்னைக்குப் பாக்க மட்டும்தான். அந்த வீட்டுக்காரங்க கன்னு தருவாங்களா? ஆளுங்க எப்படி? குடும்பத்துல சண்டை கிண்டை..."

"கன்னு வாங்க குடும்பம் எதுக்குண்ணே?"

நான் டீயை ஊதினேன். அவர் எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அக்கா! கன்னு வேணும்னு ஒருத்தர் வந்திருக்கார்!"

முந்தானையில் கை துடைத்தபடி ஒரு அம்மா வந்தார். போட்டோவில் பார்த்த முகம்தான். பையனின் அம்மா.

"என்ன கன்னுங்க வேணும்? பூவனா, ரஸ்தாளியா, நேந்திரனா?"

"எல்லாம் கலந்து."

கடைக்காரர் இருமினார்.

"எவ்வளவு நெலத்துக்கு?"

"அரை ஏக்கர்."

"எங்க?"

"ஸ்ரீரங்கத்துல."

"ஸ்ரீரங்கத்துல எங்கங்க?"

என் மூளை ஓடிவிட்டது. வாய் மட்டும் மிச்சமிருந்தது. "மூணாவது மாடி."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. போச்சு என்று நினைத்தேன். மகளுக்கு என்ன பதில் சொல்வது, இனி சென்னைப் பக்கம் எப்படித் தலை காட்டுவது என்று மனசு ஓடிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "வெயில் ஏறுது, உள்ள வாங்க சம்பந்தி."

சம்பந்தி. ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் எழுந்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போனது. எழுந்து நிற்கப் பார்த்தேன். கடைக்காரர்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

உள்ளே பையனின் அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், கையைக் கழுவுவதா எழுந்து கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டையும் பாதி செய்தார்.

"நான்தான்னு எப்படிங்க தெரிஞ்சுது?" என்றேன்.

"ஆனியிலயே நாங்க ஸ்ரீரங்கம் வந்து விசாரிச்சாச்சே" என்றார் அந்த அம்மா. "உங்க தெருமுனைல பூக்கார அம்மாட்ட கேட்டோம். 'டவுசர் போட்டுக்கிட்டு சைக்கிள்ல போவாரே, அவரா? தங்கமான மனுசன், கொஞ்சம் ஒரு மாதிரி, அவ்வளவுதான்'னாங்க. நம்ம வீட்டுக்குச் சரியா வரும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம்."

"ஏய், ஆடியில சொல்லிட்டியே!" என்று பதறினார் கணவர்.

"நான் எங்க சொன்னேன்? கன்னு வாங்க வந்தவரை உள்ள கூப்பிட்டேன்."

"பையன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேங்க" என்றேன்.

"அவன்ட்ட சொன்னா அடுத்த நிமிசம் உங்க பொண்ணுக்குத் தெரிஞ்சிடும். ஆவணி ஒண்ணாந்தேதி முறையா நாங்களே வந்து சொல்றோம். அதுவரைக்கும் நீங்களும் வாய தொறக்கக் கூடாது" என்றார் கணவர். நான் தலையாட்டிக்கொண்டே இட்லியில் கவனமாக இருந்தேன். கணக்கு வைக்கவில்லை. அவர்களும் வைக்கவிடவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு சீப்புப் பூவன் கொண்டுவந்து, எங்கே வைப்பது என்று சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் பனியனின் முதுகுப் பக்கப் பைகளில் பழங்களைப் பிய்த்துப் பிய்த்துச் செருகி, "அப்படியே நில்லுங்க" என்று போனில் ஒரு படம் எடுத்தார்.

திரும்பும் வழியில் காற்று தன் வேலையைக் காட்டியது. கல்லணை தாண்டியதுமே சைக்கிள் நின்றுகொண்டு ஓடியது. நடந்து போன ஒருவர் என்னை முந்தினார். அப்போது மகள் கூப்பிட்டாள்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"சும்மா... முக்கொம்பு."

"முக்கொம்புலயும் பூவன் பழம் நல்லா இருக்கா?"

நான் பிரேக்கைப் பிடித்தேன்.

"அவங்க அம்மா அவனுக்குப் போட்டோ அனுப்பியிருக்காங்கப்பா. கீழ என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? 'நம்ம சம்பந்தி'ன்னு."

ஆவணிவரைக்கும் வாய் திறக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறையாக அனுப்பிய வீடு அது. மகள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று காற்றின் இரைச்சலில் பிரிக்க முடியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். போனை வைக்கிறேன் என்றால் வைக்க விடவில்லை. அவர்கள் வீடு எப்படி, மாமா என்ன கேட்டார், அத்தை சிரித்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அதற்குள் மாமா, அத்தை ஆகிவிட்டார்கள். நான் இறங்கி, ஒரு கையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மறுகையில் போனைப் பிடித்தபடி ஆற்றோரமாக நடந்தேன்.

எதிரே காற்று தள்ளிக்கொண்டு வந்த வேகத்தில் எங்கள் குழு இளைஞர்கள் இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். ஒருவன் வேகத்தைக் குறைத்து, "என்ன சார், பஞ்சரா?" என்றான்.

"இல்லப்பா, கல்யாணம்!" என்று கத்தினேன்.

"அப்பா, மெதுவா!" என்றாள் மகள் போனுக்குள். "ஆடிப்பா இது!"