பின் அடித்த பாதி டிக்கெட்

என் மேசை இழுப்பறையில், சினிமா வாசலில் கிழித்துக் கொடுத்த இரண்டு பாதி டிக்கெட்டுகள் இருந்தன. வெளிறிய ரோஸ் தாள், நான்காக மடித்தது, மடிப்பின் மேல் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டேப்ளர் பின். எச் வரிசை, பதினொன்றும் பன்னிரண்டும். காரைக்குடியில் இப்போது மூடிக் கிடக்கும் ஒரு தியேட்டரின் மதியக் காட்சி. ஒன்றின் உட்புறம் என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், ஒரு பெயரை எழுதியிருந்தார். மற்றதில் நான் எழுதியிருந்தேன், எந்தப் பெயர் என்று எனக்கே மறந்துவிட்டது. என்ன எழுதினோம் என்று ஒன்பது வருடமாகப் பிரித்துப் பார்க்கவில்லை. தினமும் எழுந்த நேரம், படுத்த நேரம்வரை டைரியில் குறித்துவைக்கும் எனக்கு இது பெரிய விஷயம். பின்னின் துரு தாளில் இறங்கி ஒரு பழுப்புக் கறையாகவே ஆகிவிட்டது.

மச்சான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று, மர்மப் படம். கொலை, காணாமல்போன பெண், மூடிய அறை என்று எது வந்தாலும் முதல் சனிக்கிழமை மதியக் காட்சிக்கு இருவரும் போவோம். இடைவேளையில் டீயோடு நின்று, குற்றவாளி யார் என்று அவரவர் டிக்கெட்டின் பின்பக்கம் எழுத வேண்டும். பிறகு மடித்துக் கொடுத்தால், நான் சட்டைப்பையில் வைத்திருக்கும் சின்ன ஸ்டேப்ளரால் பின் அடிப்பேன். படம் முடிந்ததும் எதிரில் இருந்த காபிக் கடையில் பிரிப்போம். அன்று மாலையே அதற்கென்று வைத்திருந்த நோட்டில் படம், இருக்கை, மச்சானின் ஊகம், என் ஊகம், உண்மை என்று ஐந்து கட்டங்களையும் நிரப்பிவிடுவேன். பின் அடிக்கும் விதி என்னுடையது. அதற்கு முன்பு மச்சான் படம் முடிந்த பிறகு, "நான் அப்பவே நெனச்சேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் சித்தாந்தம் ஒரு வரிதான். "யாரு மேல சந்தேகமே வரலையோ, அவந்தான் மாப்ள." இதன்படி அவர் தேர்ந்தெடுத்தவர்களை நோட்டில் பார்த்தால் பாவமாக இருக்கும். சக்கர நாற்காலியில் இருந்த தாத்தா, நாயகிக்குத் தண்ணீர் கொடுத்த நர்ஸ், பார்வை தெரியாத பாட்டு வாத்தியார். எல்லோரையும்விட அதிகமாக அகப்பட்டவர் சித்தப்பா. எந்தப் படத்திலும் அன்பான சித்தப்பா ஒருவர் வந்துவிட்டால் மச்சான் என் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகு அந்த மனிதர் சிரித்தாலும் அழுதாலும் சாப்பிட்டாலும் தட்டுதான். இப்படிப்பட்ட ரசிகர்கள் பெருகிவிட்டார்கள் என்று இயக்குநர்களுக்கும் தெரிந்துவிட்டது. அவர்கள் சித்தப்பாவை வேண்டுமென்றே காட்டி வேறொருவரை மறைத்தார்கள். மச்சான் அதையும் கண்டுகொண்டு, காட்டியதால் இவர் இல்லை, இல்லை என்று நினைக்க வைத்ததால் இவர்தான் என்று போனார். அவர்கள் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருக்க, நடுவில் நான் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்தேன்.

ஒரு படம் நன்றாக நினைவிருக்கிறது. மனைவியைக் கொன்றவன் கணவன்தான் என்று முதல் பத்து நிமிடத்திலேயே காட்டிவிட்டார்கள். அவன் எப்படி அகப்படுகிறான் என்பதே கதை. மச்சான் அதை நம்பவே இல்லை. கடைசிவரை அவனுடைய அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து, பெயர்கள் ஓடி, விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒரு காட்சி இருக்குமாம். கூட்டுகிற அம்மா விளக்குமாற்றோடு எங்கள் வரிசை முனையில் நின்றார். "இவந்தான்னா எதுக்கு ரெண்டரை மணி நேரம்?" என்று அந்த அம்மாவிடமே கேட்டார். பல மாதம் கழித்து அதே படத்தைத் தொலைக்காட்சியில் தனியாகப் பார்த்தேன். மகன் சட்டையில் ரத்தக் கறையைப் பார்த்த தாய், ஒன்றும் பேசாமல் அதை மற்றத் துணிகளோடு மடித்து அடுக்குகிறாள். அந்த ஒரு காட்சிக்காகவே எடுத்த படம் அது. தியேட்டரில் அதே காட்சியை நானும் பார்த்தேன்தான். ஆனால் அவள் கொலை செய்திருப்பாளா, கை நடுங்குகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்ததால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு எரிச்சல் பிடித்துக்கொண்டது. "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு, ஆனா சொல்ல மாட்டேன்" என்று சொல்பவர்கள், தாங்கள் எதையுமே சொல்லவில்லை என்று நினைக்கிறார்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. அதற்கு மேல் நாம் கதையைப் பார்ப்பதில்லை, கதை நம்மிடம் எதை மறைக்கிறது என்றுதான் பார்க்கிறோம். திருப்பம் வந்தால் எதிர்பார்த்ததுதானே என்று சலிப்பு. வராவிட்டால் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம். பயமும் பரிதாபமும் வரவேண்டிய இடத்தில் வெறும் பரிசோதனைதான் மிஞ்சுகிறது. இதை மச்சானிடம் பல தடவை விளக்கினேன். "நீக சும்மா பாக்குறீக, நான் யோசிச்சுப் பாக்குறேன்" என்பார். இது சினிமாவோடு நின்றிருந்தால் எனக்கும் இதை எழுத வேலையில்லை.

மச்சானின் மகளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை திருப்பத்தூரில் வேளாண்மைத் துறையில் வேலை, சொந்த ஊர் காளையார்கோவில் பக்கம். நல்ல பையன். மச்சான் மகள் எனக்கு மருமகள் முறை, அவளுக்கும் பிடித்திருந்தது. "இவருகிட்டப் பேசுனா மனசு அமைதியா இருக்கு மாமா" என்று என்னிடம் சொன்னாள். நிச்சயம் முடிந்து, பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது. எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று இரு வீட்டாரின் பங்குக் கோயில்களிலும் அறிவிப்பு வரும். அது ஒரு முறைமை. யாரும் எதுவும் சொல்வதில்லை. மூன்றாம் ஓலையும் வாசித்து, பூசை முடிந்து எல்லோரும் சிரித்துக்கொண்டு வெளியே வந்தபோது மச்சான் மட்டும் மாதா சிலை இருக்கும் கெபி ஓரமாக என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"மூணு ஓலை வாசிச்சாச்சு. ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல. அதான் மாப்ள எனக்கு இடிக்குது."

நான் சிரித்தேன். அதுதான் நான் செய்த தவறு. தேதியோடு டைரியில் இருக்கிறது. "மச்சான் வழக்கம்போல" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் அவர் பள்ளிக்கு விடுப்புப் போட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் காளையார்கோவிலுக்குப் பஸ் ஏறினார். அங்கே மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனையில் டீக்கடை, முடிதிருத்தும் கடை, தையல் கடை என்று வரிசையாக விசாரித்திருக்கிறார். எல்லோரும் பையனைப் பற்றி நல்லபடியாகத்தான் சொன்னார்கள். அதற்கு அவர் கேட்ட கேள்வி பிறகு அந்த ஊரில் வெகுநாள் உலவியது. "நல்லவர்ங்கிறீக, சரி. கெட்டதா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, நான் நிம்மதியாப் போயிருவேன்." டீக்கடை பெஞ்சில் வெளுத்த சட்டையோடு இருந்த ஒருவரிடம் இதை அரை மணி நேரம் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் பொறுமையாகப் பதில் சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அவர் பையனின் சித்தப்பா. சிங்கப்பூரில் இருந்து கல்யாணத்துக்காக முந்தின நாள்தான் வந்திருந்தார், நிச்சயத்துக்கு வராததால் மச்சானுக்கு முகம் தெரியவில்லை. திரையில் எத்தனையோ சித்தப்பாக்களைச் சந்தேகப்பட்ட மனிதர், எதிரே உட்கார்ந்திருந்தவரை மட்டும் சந்தேகப்படவில்லை.

இது எதுவும் எனக்குத் தெரியாது. அந்த வாரச் சனிக்கிழமை, கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, இருவரும் ஒரு படத்துக்குப் போனோம். மலைத்தோட்டத்து வீட்டில் ஒரு சிறுமி காணாமல்போகிறாள். இடைவேளையில் எழுதினோம், பின் அடித்தேன். மறுபடி உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும், என் மனைவி போனில் அழுதாள். மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். தங்கள் பிள்ளையைப் பற்றித் தெருத்தெருவாகக் கெட்டது தேடிய வீட்டில் சம்பந்தம் வைக்க முடியாதாம். ஸ்கூட்டரில் திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்துக் காத்திருந்தோம். பின்னால் உட்கார்ந்திருந்த மச்சான் என் தோளைத் தொட்டார். குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

"நான் சொன்னேன்ல மாப்ள, ஏதோ ஒண்ணு வருமுன்னு."

"அது நீங்கதான் மச்சான்," என்றேன்.

ரயில் போயிற்று, கேட் திறந்தது. வண்டியைக் கிளப்பினேன்.

மருமகள் அழவில்லை. அப்பாவிடம் சொல்லாமல் மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "மாமா, உங்க நோட்டை எடுத்துக்கிட்டு அத்தையும் நீங்களும் காளையார்கோவிலுக்குப் போங்க. எங்கப்பா எல்லாரையுந்தான் சந்தேகப்பட்டாருன்னு காட்டுங்க. அவுகள மட்டும் இல்லைன்னு தெரியட்டும்" என்றாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. கல்யாணம் நின்றுபோன வீட்டுக்கு யாராவது சினிமா நோட்டை எடுத்துக்கொண்டு போவார்களா? அவளோ பழைய காலண்டர் தாளைத் தேடியெடுத்து அந்த நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். போனோம்.

மாப்பிள்ளையின் அப்பா கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர். உட்காரச் சொன்னார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நோட்டை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். பதிவேடு பார்த்துப் பழகிய மனிதர் என்பது வாங்கிய விதத்திலேயே தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்தில் இருந்து விரலை வைத்து வரிவரியாக வாசித்தார். முக்கால் மணி நேரம். என் மனைவி முந்தானையைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தாள். கடைசியில் தலை நிமிர்ந்தார்.

"அம்பத்தெட்டுப் படத்துல ஆறுதான் சரியாச் சொல்லியிருக்காரா?"

"ஆறுதாங்க."

"அதுலயும் சித்தப்பாவா?"

"நாலுல சித்தப்பா."

பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, அந்தச் சிங்கப்பூர்ச் சித்தப்பா, மெதுவாகச் சொன்னார்: "அப்ப என்னைய மட்டும் ஏன் விட்டாரு?"

முதலில் சிரித்தது உள்ளே இருந்த பெண்கள். அதற்குப் பிறகு பெரியவரும் சிரிப்பை மறைக்க வாயைத் துடைத்துக்கொண்டார். ஆனால் விட்டுவிடவில்லை. "அவரை வரச் சொல்லுங்க. என்ன கேக்கணுமோ என் வாசல்ல நின்னு என்னையக் கேக்கட்டும். தெருவுல எதுக்கு?" என்றார். மறுநாள் மச்சானை அழைத்துப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். வகுப்பில் நாற்பது பிள்ளைகளைக் கேள்வி கேட்ட மனிதருக்கு அங்கே ஒரு கேள்வியும் வரவில்லை. "ஒண்ணும் கேக்க இல்லீங்க, புத்தி கெட்டுப்போச்சு, மன்னிச்சிருங்க" என்றார். குறித்த தேதியில், குறித்த கோயிலில் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு நாங்கள் டிக்கெட்டில் எழுதுவதை விட்டுவிட்டோம். நோட்டில் ஐம்பத்தொன்பதாம் வரி பாதி நிரம்பியபடியே நின்றது.

ஒன்பது வருடம் ஆகிறது. அந்தப் பையன், இப்போது எங்கள் மருமகன், அன்று எப்படித் தெரிந்தாரோ அப்படியேதான் இருக்கிறார். மச்சான் கண் அறுவை சிகிச்சைக்குப் போனபோது விடுப்புப் போட்டுக் கூடவே இருந்தவர் அவர்தான். ஆனாலும், "எப்பதான் மச்சான் நம்புவீக?" என்று நான் எரிச்சலோடு கேட்டால், "இன்னும் படம் முடியலல்ல மாப்ள" என்கிறார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டோம். மதியம் தொலைக்காட்சியில் அந்த மலைத்தோட்டத்துப் படம் வந்தது. அதன் முடிவை நான் யாரிடமும் கேட்டதில்லை. நான் முடிவு தெரியாமல் வைத்திருந்த ஒரே படம் அதுதான். இழுப்பறையில் இருந்து இரண்டு டிக்கெட்டுகளையும் எடுத்து வந்து டீப்பாயில் வைத்தேன். மச்சான் அவற்றைப் பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். மருமகன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு ஊகமும் செய்யாமல் படம் பார்த்தார். சிறுமி தனியாகக் கிணற்றுப் பக்கம் நடக்கும்போது, "அங்குட்டுப் போகாத பாப்பா" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டார். உள்ளங்கை வேர்த்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் படத்தை அந்த அறையில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். மச்சான் என் பக்கம் சாய்ந்து காதில் கேட்டார்: "நெசமாவே பயப்படுறாரா, இல்ல நடிக்கிறாரா?"

நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன்.

குற்றவாளி வண்டி ஓட்டுபவன். போலீஸ் முதலில் பிடித்து, பிறகு விட்டுவிட்ட அதே ஆள். சிறுமியின் சித்தப்பா கடைசிவரை மழையில் குடையோடு அவளைத் தேடிக்கொண்டே இருந்தார். படம் முடிந்ததும் பேனாக் கத்தியால் பின்களை எடுத்தேன். துரு ஏறியதால் தாள் கொஞ்சம் கிழிந்தது. மச்சானுடையதில் அவருடைய சாய்ந்த எழுத்தில் "சித்தப்பா" என்று இருந்தது. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. என்னுடையதைப் பிரித்தேன். நேரான சின்ன எழுத்து, கீழே அளவுகோல் வைத்தது போல் ஒரு கோடு. சித்தப்பா.

மச்சான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நல்ல மனுசன் மாப்ள. மழையில அலைஞ்சாரு" என்றார்.

மாலை நோட்டை எடுத்து ஐம்பத்தொன்பதாம் வரியை முடித்தேன். படம், இருக்கை, மச்சானின் ஊகம், என் ஊகம், உண்மை. ஓரத்தில் இடம் மிச்சம் இருந்தது. இருவரும் தவறு என்று எழுதி, தேதியைப் போட்டேன்.