மணிக்கூட்டு அம்மா

நான் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த காலம். ஜெயபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஒரு அம்மா வருவா. எங்கள் வாட்டில் படுத்திருந்த புருசன் புற்றுநோயால் மெலிந்து, அவர் கையிலிருந்து கழன்று விழுந்த கைமணிக்கூட்டைத் தன் கையில் கட்டியிருப்பா. குடிக்கச்சொல்லி ஏசி ஏசி, முட்டை அடித்துக் கலந்த முட்டைக்கோப்பியை அவருக்குப் பருக்குவா.

"நான் சாப்பாடு குடுக்கேல்லை எண்டு ஊர் கதைக்குது, மிஸ்ஸி," என்றா ஒருநாள்.

"உங்களில பிழையில்லையம்மா. இந்தப் புற்றுநோய் வருத்தத்தில உடம்பு சைட்டோகைன் எண்ட சாமானைக் கூடுதலாச் சுரக்கும். அது பசியைக் கெடுத்து, தசையையும் கரைச்சுப்போடும். சாப்பாட்டால மட்டும் தேறாது."

அவா புருசனைப் பார்த்தா. "அப்ப, பசியில்லாமலே எனக்காகவோ குடிச்சனீங்கள்?"

"ஓம். இண்டைக்கு நீ குடி," என்றார் அவர்.

இப்பவும் முட்டைக்கோப்பி மணம் வந்தால், அந்த மணிக்கூட்டுக் கையைத்தான் என் கண் தேடும்.