ஊசிக்குப் பயந்தவள் சொன்ன உண்மை

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தைரியசாலி என்று பெயர் சூட்டி ஒரு ஜாமெட்ரி பாக்ஸும் கொடுத்தார்கள். இரண்டையும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டேன். உண்மையில் இரண்டுமே எனக்குச் சேரவேண்டியவை இல்லை. நான் அப்போதும் தைரியசாலி இல்லை, இப்போதும் இல்லை. ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பாதி உயிர் போய்விடும். நடந்ததெல்லாம் அந்தப் பயத்தால் நடந்ததுதான்.

ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காடு உண்டு. காப்பி, ஊடே மிளகு, ஓரத்தில் நாலு ஆரஞ்சு மரம். எங்கள் வீட்டிலிருந்து ஓடிவந்தால் ஐந்து நிமிஷத்தில் ஒரு எஸ்டேட்டின் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகள் வந்துவிடும். அதில் ஒன்றில்தான் சித்தி இருந்தாள், அம்மாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. சித்தப்பா எஸ்டேட் ஜீப் டிரைவர், சித்தி அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தாள். காலையில் அம்மாவுக்கு மாடு, பால், அடுப்பு என்று வேலை சரியாக இருக்கும். அதனால் நான் சீப்பையும் ரிப்பனையும் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, சித்தியிடம் இரட்டைச் சடை பின்னிக்கொண்டு, அப்படியே எஸ்டேட் வழியாகப் போய் ஸ்கூல் பஸ்ஸைப் பிடிப்பேன். அம்மா பின்னினால் தலைவலி வரும். சித்தி பின்னினால் தூக்கம் வரும்.

சித்தப்பாவையும் எனக்குப் பிடிக்கும். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஜீப்பில் முன் சீட்டில் உட்காரவைத்து ஹாரன் அடிக்கவிடுவார். ஏற்காடு போய்வந்தால் பர்பி வாங்கிவருவார். "சாமி, சித்தப்பாவுக்கு ஒரு பாட்டுப் பாடு" என்று கொஞ்சுவார். சித்தியை அவர் அடிப்பதும் எனக்குத் தெரியும். தீபாவளிக்கு மறுநாள் நானே பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதில் எனக்கு அப்போது ஒரு குழப்பமும் இல்லை. மழை வரும், வெயிலும் வரும், அதுபோல என்று இருந்துவிட்டேன்.

எனக்கு மட்டுமில்லை, எங்கள் வகுப்புக்கே அப்படித்தான் இருந்தது. அந்த வருஷம் சேலத்திலிருந்து ஒரு அக்கா சார்ட்டெல்லாம் சுருட்டிக்கொண்டு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஆளுக்கொரு பென்சில் கொடுத்ததால் அவருக்குப் பென்சில் அக்கா என்று பெயர் வைத்தோம். "தப்புப் பண்ணினா பொண்டாட்டிய அடிக்கலாம்னு நெனைக்கறவங்க கை தூக்குங்க" என்றார். முக்கால்வாசிக் கைகள் மேலே போயின. நான் இரண்டு கையையும் தூக்கினேன். "எத்தன அடி அடிக்கலாங்க்கா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் அக்கறையாகக் கேட்டான். பாவம் அந்த அக்கா, சார்ட்டைச் சுருட்டுவதா விரிப்பதா என்று தெரியாமல் நின்றார். பிறகு, "உங்கள யாராவது அடிச்சா, தப்பா நடந்துக்கிட்டா யாருகிட்டச் சொல்லுவீங்க?" என்று கேட்டார். ஒருத்தி எழுந்து "சாமிகிட்டங்க்கா" என்றாள். நம்பிக்கையான பெரியவங்க ஒருத்தர்கிட்டச் சொல்லணும் என்று அவர் மூன்று தடவை சொல்லவைத்தார். நாங்களும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

அது நடந்து பத்து நாள் இருக்கும். பழம் பறிக்கும் காலம், நல்ல பனி. சீப்பை எடுத்துக்கொண்டு போனால் சித்தி பாதி முகத்தை மூடித் துண்டு கட்டியிருந்தாள். சித்தப்பா உள்ளே கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். சித்தி சடை பின்னினாள். குனிந்து ரிப்பன் கட்டும்போது துண்டு நழுவியது. இடது கண் மூடிப்போகிற அளவுக்குக் கன்னம் வீங்கியிருந்தது. அதில் மோதிரம் பட்ட இடம் தனியாகத் தெரிந்தது. சித்தி துண்டைச் சரிசெய்துகொண்டாள்.

"சாமி, பஸ்ஸுக்குப் போற வழியில மஸ்டர்ல நின்னு, சித்திக்குக் காச்சலுங்க, இன்னிக்கு வரலீங்கன்னு ரைட்டர்கிட்டச் சொல்லிரு" என்றாள்.

மஸ்டர் என்பது காலையில் எஸ்டேட் ஸ்டோர் முன்னால் எல்லோரும் கூடி நிற்க, கணக்கு எழுதும் ரைட்டர் பேர் கூப்பிடுவது. ஒருத்தர் வரவில்லை என்றால் அவர்களுக்கு வேண்டியவர் யாராவது வந்து அத்தனை பேர் முன்னால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். ரைட்டர் அதை நோட்டில் எழுதிக்கொள்வார். காய்ச்சலுக்கு ஒரு எழுத்து, ஊருக்குப் போனதற்கு ஒரு எழுத்து, கோயிலுக்கு ஒரு எழுத்து. எதுவும் சொல்லாவிட்டால் மறுநாள் வேலை கிடையாது.

நான் போய் நின்றேன். பறிக்கிற கூடைகளோடு இருபது முப்பது பெண்கள் நின்றிருந்தார்கள். ரைட்டர் குரங்குக் குல்லாய்க்குள்ளிருந்து சித்தியின் பெயரைக் கூப்பிட்டார். நான் கையைத் தூக்கி, சித்தி சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தேன்.

"காச்சலா?" என்று ரைட்டர் நிமிர்ந்தார். அந்த வருஷம் மலையில் டெங்கு பரவிக்கொண்டிருந்ததைச் சித்தியும் நானும் மறந்துபோயிருந்தோம். அவர் மேஸ்திரியைப் பார்த்து, "நர்ஸம்மாவுக்குப் போன் போடுங்க. அந்த லைன்ல இருக்கற எல்லாத்துக்கும் ரத்தம் எடுக்கோணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அன்பாகத்தான், "ஏங்கண்ணு, நீயும் அந்த ஊட்டுக்குப் போறயா?" என்று கேட்டார்.

"தெனமும் போவேனுங்க."

"அப்ப உனக்கும் எடுத்தரலாம். இங்கயே நில்லு."

ஐயோ! எனக்குக் கண் இருட்டிவிட்டது. ஊசி, பஞ்சு, என் கையை இரண்டு பேர் பிடித்துக்கொள்வது எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது.

"காச்சல் இல்லீங்க!" என்று கத்தினேன். "சித்தப்பா அடிச்சு மொகம் வீங்கிப்போச்சுங்க. அதனாலதான் வரலீங்க. ஊசியெல்லாம் வேண்டாமுங்க!"

கூட்டத்தில் ஒரு பொம்பளை சிரித்து, "சின்னப் புள்ள, என்னமோ ஒளறுது. உடுங்க ரைட்டரே" என்றாள். அங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள். என்னை யாராவது உளறுகிறாள் என்று சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும்.

"நான் ஒண்ணும் ஒளறல! மோதரம் பட்ட தடம் இருக்குது, வந்து பாருங்க. தீவாளிக்கும்தான் அடிச்சாரு. கொழம்புல உப்பு இல்லன்னு அடிச்சாரு. அப்பறம் பாட்டுக் கேட்டுட்டுத் தூங்கிட்டாரு."

சித்தியின் பக்கத்து ரூம் அக்கா கூடையைக் கீழே வைத்தார். "புள்ள சொல்றது நெசந்தானுங்க" என்றார். "நடுவுல ஒரு செவுருதான். நேத்தும் கேட்டுச்சு. நொம்ப நாளாக் கேக்குது." அவர் அழுதுகொண்டே சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடிபட்டது அவர் இல்லையே என்று நினைத்தேன்.

ரைட்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். "இதுக்கு என்ன எழுத்துப் போடறது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "நடந்தத அப்படியே எழுதுங்க" என்றார் பக்கத்து ரூம் அக்கா. ரைட்டரும் எழுதினார். குனிந்து எழுதி நிமிர்வதற்குள் கூடைகளெல்லாம் தரையில் இருந்தன, பெண்கள் லைனைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். ஸ்கூல் பஸ் வளைவில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நான் பெண்களுக்குப் பின்னால் ஓடினேன். வேடிக்கை பார்க்கத்தான்.

சித்தப்பா வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயெல்லாம் நுரை. "என்னங்க, எல்லாரும் இந்நேரத்துல?" என்று நுரையோடு கேட்டார். யாரும் அவரைத் தொடவில்லை, திட்டவும் இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அப்படியே நின்றார்.

"வெளிய வா சாமி, உன்னத்தான்" என்று பக்கத்து ரூம் அக்கா உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

சித்தி வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் செத்தேன் என்று நினைத்து இன்னொருத்தர் புடவைக்குப் பின்னால் ஒளிந்தேன். அவள் நேராக என்னிடம் வந்து, "ஓடியாந்ததுல ரிப்பன் அவுந்துபோச்சு பாரு" என்று சொல்லி, அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து ரிப்பனைத் திரும்பக் கட்டினாள். மூன்று தடவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். கட்டி முடித்துத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வீங்கிய முகத்தை எல்லோரும் பார்த்தார்கள், சித்தப்பாவும் பார்த்தார்.

"உங்க ஊட்டுக்குப் போலாம் வா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே ஏறினோம். அம்மா பால் பாத்திரத்தோடு எதிரே வந்தாள். சித்தியின் முகத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திடீரென்று பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். "ஸ்கூலுக்குப் போகாம எங்கடி சுத்திட்டு வர்றே?" என்று இன்னொரு தடவை கையை ஓங்கினாள்.

சித்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை சித்தி குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "அவள அடிக்காத அக்கா. அவ மேல கை வெச்சீன்னா நான் இந்த ஊட்டுலயும் இருக்கமாட்டேன்" என்றாள். அம்மா கையைக் கீழே போட்டாள். பிறகு மூன்று பேருக்கும் காப்பி போட்டாள். எனக்குச் சர்க்கரை அதிகமாகப் போட்டிருந்தாள்.

சித்தப்பா இரண்டு தடவை ஆப்பிளும் ஆட்களுமாகச் சமாதானத்துக்கு வந்தார். ஆப்பிளை நான் சாப்பிட்டேன். சித்தி போகவில்லை. பக்கத்து ரூம் அக்காவைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் போய் மகளிர் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். ரைட்டரும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆமாங்க, நான்தானுங்க எழுதினேன் என்று சொன்னாராம். விஷயம் பள்ளிக்கூடம்வரை போய், பென்சில் அக்கா மறுபடியும் வந்து, என்னை மேடையில் நிறுத்தி அந்த ஜாமெட்ரி பாக்ஸைக் கொடுத்தார். அவர் அதே கேள்வியை மறுபடியும் கேட்டபோது கைகள் யோசித்து யோசித்துத்தான் மேலே போயின. சில கைகள் பாதியில் இறங்கின. என்னுடைய இரண்டும் கீழேயே இருந்தன, பாக்ஸைப் பிடித்திருந்ததால். ஊசியிலிருந்து தப்பித்தேனா என்றால் அதுவும் இல்லை. மறு வாரம் நர்ஸம்மா கொட்டச்சேட்டுக்கே வந்து ஊர் முழுக்க ரத்தம் எடுத்தார். நான் போட்ட கத்தலில் ஊரே சிரித்தது.

சித்தி இப்போது ஏற்காட்டில் ஏரிப் பக்கம் பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறாள். சீசனில் நிற்க இடம் இருக்காது. சேலம் காலேஜிலிருந்து லீவுக்கு வந்தால் நானும் அம்மாவும் கடைக்கு ஒத்தாசைக்குப் போவோம். போன மே மாதம் கூட்டமெல்லாம் ஓய்ந்த மத்தியானத்தில் அம்மா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள், நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஊசி விஷயத்தைச் சித்தியிடம் ஒப்புக்கொண்டேன். சித்தி சிரித்த சிரிப்பில் கரண்டி எண்ணெயில் விழுந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் எனக்கு ஒன்று தோன்றியது. "ஏன் சித்தி, பக்கத்து ரூம் அக்கா தெனமும் மஸ்டருக்குப் போறவங்கதான? அவங்ககிட்டச் சொல்லாம என்னய எதுக்கு அனுப்பின?"

சித்தி கரண்டியை வெளியே எடுத்தாள். "அவங்ககிட்டச் சொன்னா காச்சல்னு நல்லாச் சொல்லிருவாங்க கண்ணு. அதுக்கு முன்னால எத்தனயோ தடவ எனக்காக அப்படிச் சொல்லியிருக்காங்களே. பெரியவங்க எல்லாருகிட்டயும் அழுது பாத்துட்டேன். பொறுத்துப் போன்னாங்க. நீ ஒருத்திதான் மிச்சம். காச்சல்னு சொல்லோணும்னும் நெனச்சேன், உன் ஓட்ட வாயி சும்மா இருக்காதுன்னும் நெனச்சேன்."

அன்றைக்குச் சித்திக்கு இருபது வயது. எனக்கு இப்போது இருபத்தொன்று.

"பெரியவங்கன்னா யாரு சித்தி?" என்று கேட்டுவிட்டேன். சித்தி பஜ்ஜியைத் திருப்பினாள். வாழைக்காய் சீவும் சத்தம் நின்றுபோனது.

"எங்கிட்ட ரெண்டு தடவ சொன்னா" என்றாள் அம்மா. "புதுசுல அப்படித்தான் இருக்கும்னு நாந்தான் திருப்பி அனுப்பினேன்."

ஸ்கூலுக்குப் போகாததற்காகத்தான் அம்மா அன்றைக்கு என்னை அடித்தாள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.