தங்கைக்கு மீனாட்சி என்று பெயர் வைத்தது

பதுளைக்கு ரயில் வந்ததிலிருந்து கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. போன வாரம் பாக்கு வாங்கப் போனேன். அரிசிக் கடைக்காரர் மனைவி கைக்குழந்தையோடு என்னை நிறுத்திவிட்டாள். "மீனாட்சின்னு வைக்கலாம்னு இருக்கோங்க. நல்ல பேருதானுங்களே?" குழந்தை மேல் வசம்பு வாசனை. "நல்ல பேருதாம்மா" என்று சொல்லி நடையைக் கட்டியவன், பாக்கு வாங்காமலே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

நல்ல பெயர்தான், யார் இல்லை என்றது? மீன் போன்ற கண்ணை உடையவள். மீன் தன் முட்டையைப் பார்த்தே குஞ்சு பொரிக்குமாம். அப்படிப் பார்வையாலேயே பிள்ளைகளைக் காப்பவள் என்றும் அர்த்தம் சொல்வார்கள். மதுரைச் சீமையிலிருந்து கடல் தாண்டி இந்த மலைக்கு வந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமானோடு அம்மன் பெயரையும் கொண்டுவந்தார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்துக்கு இரண்டு மீனாட்சி. நெட்டை மீனாட்சி, தெத்துப்பல் மீனாட்சி, கோழிக்கார மீனாட்சி என்று ஏதாவது சேர்த்துக் கூப்பிடாவிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். வெறும் மீனாட்சி ஒருத்திதான். எங்களை ஊரிலிருந்து அழைத்துவந்து வேலை வாங்கிய கங்காணியின் சம்சாரம் அவள்.

வசம்பு வாசனை என்றேனே, என் தம்பியின் வாசனையும் அதுதான். பிறந்து ஒன்பதே நாள். விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூட்டும் தப்புச் சத்தம் கேட்டும் அம்மா எழவில்லை. கங்காணியம்மா வந்து வாசலில் தொங்கிய சாக்கை விலக்கிக்கொண்டு நின்றாள். "நானெல்லாம் அஞ்சாம் நாளே அடுப்படிக்கு வந்தவ. எந்திரிடி!" அவள் வீட்டு அடுப்படியும் சாரல் அடிக்கிற மலையும் ஒன்றா? அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனாள். மரத்தில் கட்டிய ஏணைத் தொட்டிலில் நனைந்த பிள்ளை மூன்றாம் நாள் போய்விட்டது. எனக்கு அப்போது ஏழு வயது. அந்தப் பொம்பிளை நாசமாய்ப் போக வேண்டும் என்று மாரியம்மனுக்கு நூறு தேங்காய் நேர்ந்துகொண்டேன். தேங்காய்க்கு எங்கே போவது என்று யோசிக்கவில்லை.

அடுத்த வருஷம் தங்கை பிறந்தாள். அம்மா சொன்ன பெயரைக் கேட்டு அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவ பேரையா?"

"அவ பேரத்தான்."

கங்காணியம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தன் மேலுள்ள மரியாதை என்று நினைத்து, பாவாடைக்குச் சீட்டித் துணி கொடுத்தனுப்பினாள்.

மாமியார் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால், அந்தப் பெயரைச் சொல்லித் திட்டக் கூடாதென்று நம் பெண்கள் பாப்பா, அம்மணி என்று வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிடுவார்கள். அம்மா அந்த வழக்கத்தைத் தலைகீழாகப் பிடித்தாள். தங்கை நடக்கத் தொடங்கியதும், அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கங்காணி வீட்டு வேலியோரம் நின்று அம்மா ஆரம்பிப்பாள். "அடியே மீனாட்சி! புள்ளத்தின்னி! ஒங் கண்ணு அவிஞ்சு போவ!" லயமே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு நாள் கங்காணியம்மா தாளமாட்டாமல் வெளியே வந்துவிட்டாள்.

"யாரடி ஏசுற?"

"எம் புள்ளயத்தாங்க. ஏன், ஒங்களுக்கு என்னங்க?"

அவள் முகம் கறுத்து உள்ளே திரும்பிப் போனதை இன்று நினைத்தாலும் என் வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கிறது.

ஆனால் ஏச்சு முழுவதும் விழுந்தது யார் மேல்? அது எங்களுக்கு உறைக்கப் பத்து வருஷம் ஆயிற்று. கங்காணி குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போன அன்று, அம்மா முதல் முறையாக ஆசையாகக் கூப்பிட்டாள். "மீனாட்சி, இங்க வாம்மா." தங்கை இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் செய்யலம்மா" என்றாள். அம்மா அன்று சோறு தின்னவில்லை.

நமுனுகுலப் பக்கம் சம்பந்தம் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டாரிடம் தன் பெயர் பொன்னம்மா என்று சொல்லச் சொல்லித் தங்கை அம்மாவின் காலைப் பிடித்தாள். பொன்னம்மாவாகவே வாழ்ந்து, பொன்னம்மாவாகவே காய்ச்சலில் போனாள். அப்பாவும் அம்மாவும் இல்லை. அந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள். என் தங்கையின் பெயர் மீனாட்சி என்று அறிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். கங்காணியம்மாவை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். அவள் மட்டும் பேரன் பேத்தி எடுத்து, கடைசி வரைக்கும் மீனாட்சியாக இருந்து, மீனாட்சியாகவே செத்தாள்.