பீலிக்குப் போனவர்

புயல் கடந்த மறுநாள் காலை எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் வந்தது ஒரு பூச்சட்டியின் படம். கண்டி டவுனில் இரண்டு மாடி வீடு கட்டிய ஒருவர் போட்டிருந்தார். சட்டி உடைந்து, ஆந்தூரியம் மண்ணோடு குப்புறக் கிடந்தது. "பாருங்க நம்ம நெலமைய" என்று கீழே எழுதியிருந்தார். அழுகிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

பிறகு தகரங்கள். சாய்ந்த கேட். கண்ணாடி உடைந்த வேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒருவரின் குரல்: "வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. ஃப்ரிட்ஜு மெதக்குது." உடனே இன்னொருவர்: "ஒங்க ஃப்ரிட்ஜாவது வீட்டுக்குள்ள மெதக்குது. நம்ம ஃப்ரிட்ஜு பக்கத்து வீட்டுக்கு விருந்துக்குப் போயிருச்சு." சிரித்தோம். உயிர் பிழைத்த காலையில் சிரிப்பு சட்டென்று வந்துவிடுகிறது. யாருக்கு எவ்வளவு போனது என்று போட்டி நடந்தது. அதில் தோற்க எவருக்கும் மனமில்லை. வத்தேகமயில் என் வீட்டு முற்றத்தில் ஒரு பட்டர்ஃப்ரூட் மரம் விழுந்திருந்தது. அது மதிலை இடித்துவிட்டது போலத் தெரியும் கோணம் ஒன்றைத் தேடி, சேற்றில் நின்று படம் எடுத்தேன். மதிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் குரூப்பில் இருப்பவர்கள் எல்லோரும் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். பாதிப் பேர் டவுன்களுக்கு இறங்கி வந்துவிட்டவர்கள், மீதிப் பேர் இன்னும் லயத்திலேயே, அந்த வரிசை அறைகளிலேயே, இருப்பவர்கள். வெளியாள் ஒருவர்தான்: வாரம் இரண்டு முறை லொறியில் மீன் கொண்டுபோகும் முஸ்லிம் அண்ணன், அலவத்துகொட நாநா. அட்மின் நான். அந்த லயங்களிலிருந்து முதலில் டீச்சராகி இறங்கியவள். குரூப்பில் நான் ஒன்று சொன்னால் அது தீர்ப்பு. அந்தச் சுகத்தை நான் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.

பூச்சட்டிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே நான் தேடிக்கொண்டிருந்தது என் தங்கச்சியின் குரலை. முந்தைய நாள் மாலை நாலரைக்குப் பிறகு அவள் பேசவில்லை.

அந்த நாலரை மணிக்கு அவள் சொன்னது இதுதான்: "அக்கா, பீலி நின்னுபோச்சு. மழ இப்பிடி ஊத்துது, பீலில ஒரு சொட்டு இல்ல. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. போன்லயும் சார்ஜ் முடியப்போவுது."

மலையின் ஊற்றைக் குழாயில் பிடித்து லயத்து வாசலில் கொட்டவிடுவதுதான் பீலி. இலையும் சேறும் ஊற்றின் வாயை அடைத்தால் தண்ணீர் நிற்கும். வாரத்துக்கு ஒரு வீட்டு ஆண் முறை. அவர் மலையேறி, கையை விட்டு வாரி எறிந்துவிட்டு வருவார். என் அப்பா போனார், அண்ணன் போனான். பார்த்து வளர்ந்த சங்கதி. ஆகவே குரூப் சிரித்தது. "மழையில நின்னு வாயத் தொற, தண்ணிதானே வேணும்?" என்றார் ஒருவர். "குளிக்கிறதுக்கு இது ஒரு சாக்கா?" என்றார் இன்னொருவர்.

அலவத்துகொட நாநா மட்டும் வேறு மாதிரிப் பேசினார். "தங்கச்சி, மழைக்குள்ள ஊத்து நின்டா அது நல்லமில்ல. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு எறங்கி வாங்க."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மலையைப் பற்றி எங்களுக்கே சொல்ல வந்துவிட்டாரே என்று. மைக்கை அழுத்தி, வகுப்பில் பேசுகிற குரலில் பேசினேன்: "எல அடைச்சிருக்கும். இதுக்குப் போய்ப் பயப்படலாமா? இந்த வாரம் யாரு மொறை? வெளிச்சம் இருக்கும்போதே போய் எடுத்து விடுங்க. நாநா, நீங்க மீனப் பாருங்க, மலைய நாங்க பாத்துக்கிறோம்."

கைதட்டல்கள் விழுந்தன.

அந்த வாரம் முறை என் தங்கச்சி புருஷனுடையது. தன் ஃபோனில் கேட்டிருக்கிறார். மூன்றே விநாடிக் குரலில் சரி என்று பதில் போட்டுவிட்டு, ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார். நான் தேநீர் குடித்தேன். மெழுகுதிரி தேடினேன். நன்றாகத் தூங்கவும் தூங்கினேன்.

எனக்குத் தெரிந்தது பொய்யில்லை; நூறு தடவை இலைதான் அடைத்திருக்கிறது. மலை உள்ளுக்குள் விலகத் தொடங்கும்போது, தண்ணீர் அதை முதலில் அறிந்து வேறு வழி பார்த்துக்கொள்ளும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

ஒன்பது மணிக்கு மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து சிக்னல் பிடித்த ஒருவர் லயத்திலிருந்து பேசினார். "நேத்து ஆறு மணி போல மேல மலை எறங்கிருச்சு. லயத்துக்கு ஒண்ணும் ஆகல, பக்கத்துல திரும்பிப் போயிருச்சு. சத்தம் கேட்டு எல்லாரும் ஸ்கூலுக்கு ஓடிட்டோம். ஆளுக தப்பிச்சிட்டோம்." கும்பிடும் கைகள் குரூப் முழுக்க முளைத்தன. நானும் இரண்டு கை போட்டேன். கோயிலுக்குத் தேங்காய் உடைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். எத்தனை தேங்காய் என்று பேச்சு போனது.

தேங்காய்ப் பேச்சின் நடுவில் அதே ஆள்: "ஒரு ஆள மட்டும் காணல. பீலிக்குப் போனவரு இன்னும் எறங்கல."

எழுதக் கூசுகிறது. நான் தங்கச்சியை நினைக்கவில்லை. மலையில் இருந்த மனிதரையும் நினைக்கவில்லை. விரல் தானாக மேலே ஓடி, என் குரலைக் கண்டுபிடித்து அழுத்திப் பிடித்தது. எல்லோருக்கும் அழி. அழிந்தது. அதன் கீழே அவருடைய மூன்று விநாடி, கேள்வி இல்லாத பதிலாக, தனியே நின்றது. அட்மினுக்கு அதையும் அழிக்கலாம். அழித்தேன். அழிக்கப்பட்டது என்று இரண்டு சாம்பல் வரிகள் மிஞ்சின. நாற்பது பேர் முந்தைய நாளே கேட்டுவிட்ட குரல்கள். நாற்பது பேரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் அழித்தால் காரணம் இருக்கும்.

பஸ் இல்லை. பாதை பல இடத்தில் அறுந்திருந்தது. என்னை ஏற்றிப் போனது அலவத்துகொட நாநாவின் லொறி. அவரே அழைத்து, வாசலில் வந்து நின்றார். பின்னால் மீன் பெட்டிகளுக்குப் பதில் பாண் ரொட்டி மூட்டைகள். தெல்தெனிய தாண்டினோம்.

"நாநா, நேத்து நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க டீச்சர். மீனப் பாக்கச் சொன்னீங்க. பாத்துக்கிட்டுத்தான் ஈந்தேன்." கியரை மாற்றினார். "அழிச்சீங்களே, அதுதான் எனக்கு வெளங்கல."

பாதை முடிந்த இடத்தில் என்னை இறக்கிவிட்டு, பாண் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். திரும்பிப் பார்க்கவேயில்லை.

மலையில் சிவப்பாக ஒரு கீறல். தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல் அப்படியே நகர்ந்து பள்ளத்தில் நின்றன. ஆண்கள் மண்வெட்டியோடு நின்று, எங்கே தொடங்குவது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் எடுத்தார்கள். ரெயின்கோட்டைப் பார்த்துத்தான் அவர் என்று சொன்னார்கள்.

அந்த மூன்று நாளும் பள்ளிக்கூடத்தில், ஒரு சின்ன வகுப்புக் கதிரையில், தங்கச்சி என் தோளில் சாய்ந்திருந்தாள். "நான்தான்கா வாய வச்சுக்கிட்டு இருக்காம பீலி நின்னுபோச்சுன்னு சொன்னேன். சொல்லாம இருந்திருந்தா அவரு போயிருப்பாரா?" என்று ஓயாமல் கேட்டாள். "அப்பிடியெல்லாம் நெனைக்காத" என்று அவள் முதுகைத் தடவினேன். பக்கத்தில் இருந்தவர்கள், அக்கான்னா இப்பிடியில்ல இருக்கணும் என்றார்கள். நாநா பாண் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி ஒரு நொடி நின்றது, மறுபடி ஓடியது.

அடக்கம் முடிந்த மறுநாள் யாரோ ஜெனரேட்டர் கொண்டுவந்தார்கள். தங்கச்சியின் ஃபோனுக்கு உயிர் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அவளிடம், "ஒன் வீட்டுக்காரு போறதுக்கு முந்தி குரூப்புல பேசுனாரே, அத வச்சுக்க, அழிஞ்சிராம பாத்துக்க" என்று நல்லெண்ணத்தில் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தேடினாள். விரலை நனைத்து நனைத்துத் தள்ளினாள். பூச்சட்டி, ஃப்ரிட்ஜ், என் பட்டர்ஃப்ரூட் மரம் எல்லாவற்றையும் கடந்து மேலே போனாள். நின்றாள். நான் எழுந்து போயிருக்கலாம், அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்மின் அழித்தது என்று என் பெயரோடு அங்கே இருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"நீ கேட்டியாக்கா?"

தலையாட்டினேன்.

"என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

என் வாயால், அவருடைய வார்த்தைகளை, அவருடைய அவசரத்தோடு சொன்னேன்: "சரி மதினி. எம் மொறதான். இந்தா போறேன்."

அவள் கண்ணை மூடி, அந்தக் குரலை என் குரலுக்குள் தேடிக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"மதினின்னா ஒன்னத்தானே கூப்புடுவாரு. நீ என்னாக்கா சொன்ன, அவரு சரிங்கிறதுக்கு?"