வெள்ளிக்கிழமையில் விழுந்த பரீட்சை

2007 ஆம் ஆண்டு, சண்டை உக்கிரமாக நடந்துகொண்டிருந்த காலம். திருகோணமலையில் உட்துறைமுக வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு சின்னக் கொமினிகேஷன் கடை இருந்தது. வெளிநாட்டுக்குக் கதைக்க, அங்கிருந்து வரும் அழைப்புக்குக் காத்திருக்க, போட்டோ கொப்பி எடுக்க, இன்ரநெற் பார்க்க என்று எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்துச் சனத்துக்கு அந்தக் கடைதான். அங்கிருந்த ஒரேயொரு கொம்பியூட்டரில்தான் நான் கனடாப் பள்ளிக்கூடத்துக் கணக்குப் படித்தேன். சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வீடு அன்புவழிபுரத்தில். பொழுதுபடும் நேரம் நான் வீட்டுக்குள் இல்லாவிட்டால் அம்மா வாசல் படலையைப் பிடித்தபடி நிற்பார். எங்கள் ஒழுங்கையிலேயே கடைக்குப் போன பிள்ளைகள் சிலர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அம்மாவுக்கு நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை. "நீ எங்கையாவது உயிரோட இருந்தாக் காணும் பிள்ளை" என்று ஒரே கதைதான். கனடாவில் இருந்த சித்திதான் வழி கண்டுபிடித்தார். அங்கே ஒன்லைன் பள்ளிக்கூடம் ஒன்றில் சார்புகள் என்ற கணிதப் பாடத்தைப் படித்துப் பாஸ் பண்ணினால் ஒரு கல்லூரி எனக்கு இடம் தரும், அந்தக் கடிதத்தை வைத்து விசாவுக்குப் போடலாம். பாஸ் பண்ணாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். ஆக, என் தலையெழுத்து முழுக்க ஒரு கணக்குப் பாடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கோ கணக்கென்றால் ஆகவே ஆகாது. ஆட்சி, வீச்சு, நேர்மாறு என்று நம்முடைய பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்ததே அரைகுறை, இப்போது அதையே ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். கடையில் இன்ரநெற் வருவதற்குள், தொலைபேசி லைனில் கொழுவியிருந்த மோடம் பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தும். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கலாம். துறைமுகப் பக்கத்தில் இருந்து ஆட்லறி அடித்தால் மேசை ஒரு தரம் அதிரும், நான் எழுதிய கோடு வளைந்து போகும். "வளைகோடு கீறச் சொன்னால் இப்பிடியா கீறுறது?" என்று கடைக்கார அண்ணன் பகிடி பண்ணுவார்.

அந்தக் கடையில்தான் ராத்தாவோடு பழகினேன். முஸ்லிம் சனம் அக்காவை ராத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். சண்டைக்குத் தோப்பூரில் இருந்து இடம்பெயர்ந்து, கடைக்குப் பின்னால் இருந்த உறவுக்காரர் வீட்டில் வந்து தங்கியிருந்தா. அந்த வீட்டில் கால் நீட்ட இடமில்லை. அதனால் பின்னேரத்தில் கைக்குழந்தையோடு வந்து கடையின் மின்விசிறிக்குக் கீழே உட்காருவா. கணவர் கட்டாரில் வேலை. குழந்தை பிறக்க முன்பே போனவர், மகளின் முகத்தைப் படத்தில் மட்டும்தான் கண்டிருந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, அன்று பின்னேரம் இந்தக் கடைக்குத்தான் அழைப்பு எடுப்பார்; பொதுத் தொலைபேசியில் இருந்து எடுப்பதால் இங்கிருந்து அவருக்கு எடுக்க வழியில்லை. ராத்தாவைப் போல இன்னும் சில பெண்களும் வெள்ளிக்கிழமை வந்து கதிரைகளில் வரிசையாக இருப்பார்கள். கைத்தொலைபேசி இணைப்பை அரசாங்கம் நினைத்த நேரம் நிறுத்திவிடுகிற காலம் அது.

ஒருநாள் ராத்தா என் கொப்பியை எட்டிப் பார்த்தா.

"என்ன புள்ள இது, ஒரே கோடும் அம்பும்? இது படிச்சா கனடாவுல என்ன தருவாங்க?"

 நான் அங்கிருந்த தொலைபேசியைக் காட்டினேன். "ராத்தா, ஒரு நம்பரை அமத்தினா ஒரு வீட்டிலதானே அடிக்கும்? ஒரே நம்பர் ரெண்டு வீட்டில அடிக்க ஏலாதுதானே? அப்பிடி இருந்தா அது சார்பு."

"ரெண்டு நம்பர் ஒரே வீட்டுல அடிச்சா?"

"அது பரவாயில்லை, அதுவும் சார்புதான். ஆனா வீட்டை வைச்சு நம்பரைத் திருப்பிக் கண்டுபிடிக்க ஏலாது, அதுக்கு நேர்மாறு இல்லை."

"அட, இவ்வளவுதானா! அப்ப எங்கட இவரு எங்க இருந்து எடுத்தாலும் எனக்குத்தான் வரும். நானும் ஒங்கட கணக்கப் படிச்சிட்டன்!" என்று குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்துச் சிரித்தா. சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்குத்தான் எனக்கும் அது ஒழுங்காக விளங்கியது.

கடைசிப் பரீட்சைக்குத் திகதி வந்தது. அங்கே காலை, எங்களுக்குப் பின்னேரம். நாள் வெள்ளிக்கிழமை, இடையில் இரண்டே நாள். குறித்த நேரத்தில் தொடங்கி, இணைப்பு அறாமல் எழுதி முடிக்க வேண்டும். கடைக்கார அண்ணனிடம் சொன்னபோது அவர் கலண்டரில் அந்த வெள்ளிக்கிழமையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கரண்ட் போய்விடுமோ என்று யோசிக்கிறார் என நினைத்தேன். "வா தங்கச்சி, பார்ப்பம்" என்றார்.

இன்ரநெற் ஓடினால் அந்த லைனில் அழைப்பு வராது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கடையில் இரண்டு தொலைபேசி இருந்தது. கதைக்கிற கண்ணாடிக் கூட்டுக்குள் ஒன்று, மேசையில் ஒன்று. ஒன்றில் இன்ரநெற், மற்றதில் அழைப்பு என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை போனபோது வழமையான பெண்கள் எல்லாரும் கதிரைகளில் இருந்தார்கள். ஒருவரும் கதைக்கவில்லை. எனக்காக அமைதியாக இருக்கிறார்கள் என்று பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கிழமைதான் ராத்தாவின் மகள் பேசத் தொடங்கியிருந்தாள். வந்த முதல் சொல் "வாப்பா". முஸ்லிம் பிள்ளைகள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடும். பார்க்கிற எல்லாவற்றுக்கும் அவளுக்கு அதுதான் பெயர். நான் எழுதத் தொடங்கியதும் அவள் சத்தம் போட, ராத்தா அவளைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினா. வெயிலில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தா. நான் கணக்குச் செய்யச் செய்ய வெளியே "வாப்பா, வாப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எப்போது ஒரு சார்புக்கு நேர்மாறு இருக்கும் என்று ஒரு கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொலைபேசியையும் வீட்டையும் நினைத்துக்கொண்டு பதில் எழுதினேன்.

எழுதி முடித்து எழும்பினேன். "நல்லாச் செய்தனான் ராத்தா!" என்று வெளியே ஓடினேன். என் நாடியைப் பிடித்துக் கொஞ்சினா. "நான் அல்லாட்ட துஆ கேட்டன் புள்ள, நீங்க பாஸ்தான்" என்றா. கண் கலங்கியிருந்தது. எனக்காகத்தான் என்று நினைத்தேன். சோதனைச் சாவடி பூட்ட முன்பு போக வேண்டும், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டேன்.

அடுத்த கிழமை முடிவு வந்தது. பாஸ்! அதே கடையில் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தேன். உடனே சித்திக்குச் சொல்ல வேண்டும். கொம்பியூட்டரை அடுத்த ஆளுக்கு விட்டுவிட்டு மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்தேன். சத்தமே இல்லை.

"அது கனநாளாச் செத்துப்போச்சு தங்கச்சி" என்றார் கடைக்கார அண்ணன். "முந்தித் துறைமுகப் பக்கம் குண்டு விழுந்த அண்டைக்கு அறுந்த லைன். ரெண்டு போன் இருந்தாத்தானே கடைக்குச் சனம் வரும், அதுதான் எடுக்காமல் வைச்சிருக்கிறன். இப்ப எல்லாத்துக்கும் ஒரு லைன்தான்."

 "அப்ப... போன வெள்ளிக்கிழமை?"

அவர் என்னைப் பார்க்காமல் மேசையைத் துடைத்தார். பிறகு சொன்னார். திகதி தெரிந்ததுமே அந்தப் பெண்களிடம் கேட்டாராம். முதலில் "ஓம்" என்றது ராத்தாதானாம். மற்றவர்களையும் சம்மதிக்க வைத்தது அவதானாம். கணவர்மார் வழமைபோல எடுத்திருப்பார்கள், எங்கேஜ் சத்தம்தான் கேட்டிருக்கும். ராத்தாவின் கணவரை அடுத்த நாள் பாலைவனத்துக்குள் வேலைக்குக் கொண்டுபோவதாக இருந்ததாம். அங்கே தொலைபேசி கிடையாது, எப்போது திரும்புவார் என்றும் தெரியாது. போக முன்பு மகள் "வாப்பா" என்று சொல்வதை அவர் காதில் கேட்க வைக்க வேண்டும் என்று, பரீட்சைத் திகதி தெரியும் முன்பே ராத்தா குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்தாவாம். என்னிடம் மட்டும் ஒருவரும் மூச்சுவிடக் கூடாது, தெரிந்தால் பிள்ளை எழுதாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறா.

பின்வீட்டுக்கு ஓடினேன். ராத்தா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. பாஸ் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. சின்னப் பிள்ளை போல ஏங்கி ஏங்கி அழுதேன். ராத்தாவுக்கு விளங்கிவிட்டது. மீன் கையைக் கழுவிவிட்டு வந்து கட்டிப் பிடித்தா.

"அழாதீங்க புள்ள. அவரு அமத்துறது ஒரு நம்பர்தானே? அது எண்டைக்கு இருந்தாலும் எனக்குத்தான் அடிக்கும். நீங்கதானே சொல்லித் தந்தீங்க. ஒங்கட சோதின அப்பிடியா, திரும்பி வருமா?"

அவர் பாலைவனத்தில் இருந்து திரும்பி எடுக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நானும் அந்தக் கதிரை வரிசையில் போய் இருந்தேன். கடைசியில் ஒருநாள் அழைப்பு வந்தது. ராத்தா றிசீவரைக் குழந்தையின் வாயில் பிடித்தா. கடை முழுக்கச் "சொல்லுங்க, வாப்பா சொல்லுங்க" என்று கெஞ்சியது. பாவி மகள், வாயே திறக்கவில்லை! றிசீவரைக் கடித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். லைன் அறுந்து, றிசீவரைத் திருப்பி வைத்த பிறகு, அந்தத் தொலைபேசியைக் கையால் காட்டி மெதுவாக "வாப்பா" என்றாள். ராத்தா சிரித்துக்கொண்டே அழுதா. நாங்கள் எல்லோரும்தான்.

சில மாதங்களில் எனக்கு விசா கிடைத்தது. நான் கனடா வந்த அடுத்த கிழமை, ராத்தாவின் மகள் லைனில் நன்றாகவே "வாப்பா" சொன்னாள் என்று கடைக்கார அண்ணன் மின்னஞ்சல் போட்டிருந்தார், அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இன்றைக்குக் கனடாவில் நல்ல வேலையில் இருக்கிறேன். நீ கெட்டிக்காரி, படித்து முன்னுக்கு வந்துவிட்டாய் என்று யாராவது சொல்லும்போதெல்லாம், தகப்பனின் காதுக்குப் போக வேண்டிய ஒரு சொல் எனக்காக ஒழுங்கை வெயிலில் அலைந்துகொண்டிருந்த அந்தப் பின்னேரம்தான் என் கண் முன்னே வந்து நிற்கிறது.